எண்ணெய் குறைந்தால்

விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு எஞ்சினைப் பற்றி இருந்த அறிவெல்லாம் ஒரு சுவர்ப்படத்தின் அறிவு. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நானே வரைந்த படம் அது. ஒரு பக்கம் நான்கடிப்பு எஞ்சின், மறுபக்கம் இரண்டடிப்பு எஞ்சின். நிறம் தீட்டி, ஓரங்களுக்குத் துணி ஒட்டி, வருடக்கணக்காகப் பாவித்தேன். அந்தப் படத்தில் சத்தம் இல்லை, சூடு இல்லை, மணம் இல்லை. இவை மூன்றும் இல்லாத ஓர் எஞ்சினைத்தான் இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன் என்று விளங்கியது 2016 டிசம்பரில். அப்போது நான் கட்டார் நாட்டில், ஒரு வெட்டை நிலத்தில், ஒரு விளையாட்டு வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

உம்றாவை முடித்துத் திரும்பும் வழியில் டோஹாவில் மூன்று நாள் நின்றுவிட்டுப் போகும்படி மருமகன் கேட்டிருந்தான். என் ராத்தாவின் மூத்த மகன். அங்கே ஒரு வீட்டில் சாரதி. கட்டாரின் தேசிய தினம் டிசம்பர் 18. அதற்காகத் தெருவெல்லாம் கருஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கின. விமான நிலையத்திலிருந்து வரும்போதே சொன்னான்:

"நாளைக்கு எனக்கு ஒரு வேல இரிக்கி மாமா. நீங்களும் வாங்க. உங்களுக்குப் புடிக்கும்."

அந்த வீட்டின் இளைய பிள்ளைக்குப் பதினாறு வயது. ரிமோட்டில் ஓடும் நைட்ரோ வண்டிகளை வைத்துப் பந்தயம் விடுவதில் பைத்தியம். புதிதாக ஒரு வண்டி வாங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பந்தயம். அதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்து, எஞ்சினைச் சரிப்படுத்திக் கொடுப்பது மருமகனின் பொறுப்பு. சாரதி வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த பொறுப்பு அது. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டில் வேலை செய்த பிலிப்பீன்காரர் ஒருவரிடம் கேட்டுப் பழகினானாம். பிறகு அந்தப் பிலிப்பீன்காரரே இவனிடம் கேட்க வரத் தொடங்கினாராம்.

விளையாட்டு வண்டி என்றதும் நான் பெருநாள் கடைகளில் விற்கும் பற்றரிக் காரைத்தான் நினைத்தேன். அவன் காரின் பின்பக்கத்தைத் திறந்து தூக்கி வைத்தது வேறொன்று. உண்மையான வாகனத்தின் எட்டில் ஒரு பங்கு அளவு. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய நீளம், நாலு கிலோ அளவில் பாரம். நான்கு ரயர்களும் இழுக்கும். முன்னும் பின்னும் எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகள். நடுவில் என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கக்கூடிய ஓர் எஞ்சின். கொள்ளளவு 3.5 கன சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும் என்றான். நம் ஊர்ப் போட் எஞ்சின் ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுக்கே எவ்வளவு கத்துகிறது!

பெட்டியில் 'போட்டிக்குத் தயார்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"பெட்டிக்குள்ள இரிந்து வாறது ஒண்டும் போட்டிக்குத் தயாரில்ல மாமா. நாம தயாராக்கிறதுக்குத் தயார். அவ்வளவுதான்."

எப்படித் தயாராக்கினான் என்று காட்டினான். இரும்போடு இரும்பு சேரும் ஆணிகளையெல்லாம் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி பசை வைத்துத் திரும்ப முடுக்கியிருந்தான். இந்த எஞ்சினின் அதிர்வுக்குப் பசை இல்லாத ஆணி ஒரு மணித்தியாலம் நிற்காதாம். பற்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை விட்டு உருட்டி, அது கிழியாமல் மடிந்து வெளியே வந்தால் இடைவெளி சரி என்றான். காற்று வடிகட்டியின் கடற்பஞ்சு போன்ற நுரைக்கு எண்ணெய் பூசிப் பிழிந்திருந்தான். அந்த நாட்டுத் தூசியில் கொஞ்சம் உள்ளே போனாலும் பிஸ்டனின் கதை முடிந்தது. கடைசியாக வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்தான். உடனே வண்டியின் பிறேக் தானாகப் பிடித்தது.

"இத முதல்ல பாக்கணும். அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில வாற சாமான். ரிமோட்டுக்கு அடங்காமப் போய் ஆருடயும் கால்ல பட்டா எலும்பு மிஞ்சாது."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் விளங்கியும் விளங்காமலும் தலையாட்டும் பிள்ளைகளின் நினைவு வந்தது.

வக்ராவுக்குப் போகும் பக்கத்தில், வீடுகள் முடிந்த பிறகு ஒரு வெட்டை. கல்லும் மண்ணும் இறுகிய தரை. யாரோ மண்ணைக் குவித்து இரண்டு மூன்று மேடுகள் செய்திருந்தார்கள். குளிர்காலக் காலை. நம் ஊரில் மழை விட்ட மார்கழிக் காலை போல இதமாக இருந்தது.

எரிபொருள் ஒரு வெள்ளைக் கலனில், இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. பெற்றோல் இல்லை. மெதனோல், நைத்திரோமெதேன், மசகெண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. அவன் பாவித்ததில் நைத்திரோமெதேன் நூற்றுக்கு 25. அந்த மூலக்கூறுக்குள்ளேயே ஒட்சிசன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குள் கூடுதலான எரிபொருளை எரிக்கலாம். சின்ன எஞ்சினுக்கு அவ்வளவு பலம் வருவது அதனால்தான். மூடியைத் திறந்ததும் வந்த மணத்தில் ஒரு பழைய மணமும் கலந்திருந்தது.

"இது ஆமணக்கெண்ணெய் எலவா?" என்றேன்.

"ஓம் மாமா. கொஞ்சம் கலந்திரிக்கி. சூடு கூடினாலும் மத்த எண்ணெய் மாதிரி லேசில விட்டுப் போகாது."

சிறு வயதில் உம்மும்மா மூக்கைப் பொத்திப் பருக்கிய எண்ணெய், பாலைவனத்தில் பந்தய வண்டிக்குள் போனது. கிட்டக் குனிந்து மணக்கப் போன என்னை அவன் கையால் தடுத்தான். மெதனோல் நஞ்சு. தோலாலும் உள்ளே போகும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் நானும் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் குனிந்தவன் நான்தான்.

இந்த எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. பிளற்றினம் கலந்த ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் ஒன்றரை வோல்ற்று மின்னைக் கொடுத்து அதைச் சிவக்க வைக்க வேண்டும். பிறகு மெதனோல் அந்தப் பிளற்றினத்தில் படும்போது நடக்கும் ஊக்கித் தாக்கமும், எரிந்த சூடுமே சுருளைத் தொடர்ந்து சிவப்பாக வைத்திருக்கும். மின்னைக் கழற்றிவிடலாம். ஊக்கிக்கு உதாரணம் கேட்டால் மங்கனீசீரொட்சைட்டையே வருடா வருடம் சொல்லிவந்த எனக்கு இது பெரிய சந்தோசமாக இருந்தது.

ஸ்டார்டர் பெட்டியின் மேல் வண்டியை வைத்து அமுக்கினான். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு காதைக் கிழிக்கும் சத்தம். நீல நிறப் புகை.

முதல் இரண்டு தாங்கி எரிபொருளுக்கு அவன் வேகமே கொடுக்கவில்லை. ஒரு தாங்கி 125 மில்லிலீற்றர். மெல்ல ஓட்டுவதும் நிறுத்துவதும், ஆற விடுவதும், திரும்ப ஓட்டுவதுமாக இருந்தான். முதல் நாள் இரவும் வீட்டுக் கராஜில் இதைத்தான் செய்தானாம். ஏன் என்று கேட்டேன்.

புது எஞ்சினின் உருளை மேலே போகப் போக ஒடுங்கும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். சூடேறியதும் உருளை விரிந்து இரண்டும் அளவாகப் பொருந்தும். அந்தப் பொருத்தம் பழகுவதற்கு முன் முழு வேகம் கொடுத்தால், எஞ்சின் அன்றைக்கு ஓடும்; ஆனால் அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

"பொடியனுக்குப் பொறுமை இல்ல. அவன்ட கையில முதல் நாளே குடுத்தா முடிச்சிருவான். அதனாலதான் எங்கிட்டத் தாறாங்க."

மூன்றாம் தாங்கியில் வண்டி பறந்தது. மேட்டில் ஏறி, ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, இறங்கி, குலுங்காமல் ஓடியது. வானத்தில் நிற்கும்போது அவன் வேகத்தைக் கூட்டினால் வண்டியின் மூக்கு மேலே போனது, பிறேக்கைப் பிடித்தால் மூக்குக் கீழே வந்தது. தரையைத் தொடாத வண்டிக்கு ரயர் சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். மறுகணம் எனக்குள் இருந்த வாத்தியார் துள்ளி எழும்பினார்.

"மகன், இது கோண உந்தம்! ரயர் ஒரு பக்கம் கூடச் சுத்தினா, வண்டி அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். மொத்தம் மாறாது."

அவன் வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அப்ப இதுக்கு ஒரு பேர் இரிக்கா மாமா?"

அந்தக் கேள்வியில் உண்மையான சந்தோசம் இருந்தது. என்னுடைய சுவர்ப்படத்து அறிவுக்கும் ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று நானும் மகிழ்ந்தேன். மகிழ்ச்சி கூடினால் மனிதனுக்குப் புத்தி குறையும் என்பது அடுத்த கால்மணி நேரத்தில் நடந்தது.

எஞ்சினைச் சரிப்படுத்துவது காபரேட்டரில் உள்ள ஊசியால். உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், வெளியே திருகினால் கூடும். மணிக்கூட்டின் முகத்தைக் கணக்கு வைத்து 'ஒரு மணி, இரண்டு மணி' என்று அளந்து திருகுவார்கள். அவன் ஒவ்வொரு மணி திருகி ஓட்டி, கொண்டுவந்து எஞ்சினின் தலையில் சூடுமானியைக் காட்டினான். முதலில் 92 பாகை செல்சியஸ். புகை தடிப்பாக இருந்தது, இழுவை மந்தம். ஒரு மணி உள்ளே: 98. இன்னொரு மணி: 104. சத்தம் தெளிந்தது. பின்னால் மெல்லிய புகைக் கோடு மட்டும். எரிபொருள் குழாயை விரலால் நசித்து, எஞ்சின் எத்தனை செக்கனில் நிற்கிறது என்று என்னை எண்ணச் சொன்னான். நாலு. "அளவு" என்றான்.

பிறகு ஆணித்திருப்பியை என் கையில் தந்தான்.

"நீங்க ஒருக்காத் திருகிப் பாருங்க மாமா. ஒரே ஒரு மணி உள்ளுக்கு. என்ன நடக்குதெண்டு சத்தத்தில விளங்கும்."

அவன் ரிமோட்டை எடுக்கத் திரும்பினான். நான் திருகினேன். ஒரு மணி திருகினேன். 'இவ்வளவு குறைத்ததற்கே இவ்வளவு வேகம் வந்ததே, இன்னும் கொஞ்சம் குறைத்தால் என்ன' என்று ஒரு நினைப்பு. இன்னும் இரண்டு மணி திருகினேன்.

வண்டி அம்பு போலப் போனது. புகையே இல்லை. ஐம்பது யார் தூரம் போயிருக்காது, அவன் முகம் மாறியது. உடனே வேகத்தை விட்டு, பிறேக்கைப் பிடித்து, மெல்லத் திருப்பிக் கொண்டுவந்தான். அதற்குள் எஞ்சின் தானாகவே நின்றது.

"எத்தின மணி திருகின மாமா நீங்க?"

"ஒண்டுதான்" என்றேன்.

நாற்பதை எட்டிக்கொண்டிருந்தேன். உம்றாச் செய்துவிட்டு வந்து நாலு நாள் ஆகவில்லை. ஒரு சின்ன வண்டிக்கு முன்னால், என் மாணவனாக இருந்தவனிடம், பொய் சொன்னேன். பிள்ளைகள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று ஆசிரியர் கூட்டங்களில் நீளமாகப் பேசியிருக்கிறேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சூடுமானியைக் காட்டினான். 138. ஊசியைத் தொட்டான்.

"மூண்டு போயிரிக்கி மாமா" என்றான், மெல்ல. சிரிக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. எஞ்சின் பழுதாகியிருந்தால்? அதன் விலை என் எத்தனை மாதச் சம்பளமோ, அவனுடைய எத்தனை மாதமோ. அவன் எஞ்சினை ஆற விட்டு, அடியில் உள்ள சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். பிஸ்டன் உச்சியில் இன்னும் இறுக்கிப் பிடித்தது. "அல்ஹம்துலில்லாஹ், தப்பிட்டு" என்றான். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கம்பிச்சுருள் மங்கி வளைந்திருந்தது. புதுப் பிளக் ஒன்று போட்டான்.

"எண்ணெய் குறைஞ்சா ஏன் இவ்வளவு சூடு?" என்றேன், வெட்கத்தை மறைக்க.

"இந்த எஞ்சினுக்கு மசகெண்ணெயும் அதுக்குள்ளதானே மாமா வருது. அது குறைஞ்சா உரசும். மறுகா, உள்ளுக்குப் போற மெதனோல்தான் ஆவியாகிச் சூட்டையும் எடுக்கிற. அது குறைஞ்சா சூடு எங்க போற? எண்ணெய் குறைஞ்சா எஞ்சின் சூடாகி இறுகும்."

அந்தக் கடைசி வசனத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே வசனம்.

2006. பதினோராம் தரம். சுவர்ப்படம் தொங்குகிறது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறேன். பின்வாங்கில் இருந்து இவன் எழும்புகிறான். 2004 சுனாமியில் மச்சானின் தோணியும் எஞ்சினும் போன பிறகு, நிவாரணமாகக் கிடைத்த எஞ்சினோடு போட் திருத்தும் கொட்டிலிலேயே கிடந்த பிள்ளை. வீட்டில் மாமா, பள்ளிக்கூடத்தில் சேர் என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன்.

"எண்ணெய் குறைஞ்சா எஞ்சின் சூடாகி இறுகும் சேர்."

"அப்ப அடுப்புக்கு விறகக் குறைச்சா சோறு கருகுமா?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது. அதற்குப் பிறகு விஞ்ஞான பாடத்தில் அவன் எழும்பிப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் அவன் சித்தியடையவில்லை. 'போட் கொட்டிலே கதி என்று கிடந்தால் இப்படித்தான்' என்று ராத்தாவிடம் சொன்னவனும் நானே.

என் அடுப்பு உவமை பிழையானது. இந்த அடுப்புக்கு விறகோடு சேர்ந்துதான் தண்ணீரும் வருகிறது. விறகைக் குறைத்தால் தண்ணீரும் குறைகிறது. சோறு கருகத்தான் செய்யும். பதினைந்து, பதினாறு வயதில், கையில் எண்ணெய்க் கறையோடு அவன் சொன்னது சரி. கலாசாலையில் பயின்று வந்த நான் சொன்னது பிழை.

அவன் ஊசியை மூன்று மணி வெளியே திருப்பி, பிறகு காதைக் கொடுத்துக் கேட்டு, இன்னும் அரை மணி திருப்பினான். வண்டி திரும்ப ஓடியது. 103 பாகை. பந்தயத்தின் இறுதிச் சுற்று நீளமாக இருக்குமாம். உலகப் போட்டியில் ஒரு மணித்தியாலம் ஓடுவார்களாம். எட்டு, ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவந்து எண்ணெய் குடித்துவிட்டுப் போக வேண்டும். இடையில் எஞ்சின் நின்றால் எல்லாம் முடிந்தது. அதனால் அதிவேகத்துக்குச் சற்றுக் கீழே, எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வண்டியைக் கொடுப்பானாம். நான் திருகிய திருகலில் வண்டி மிக வேகமாகத்தான் ஓடியது, அரை நிமிடத்துக்கு.

வண்டியைத் துடைத்து, மிச்ச எரிபொருளை வெளியே எடுத்து, எஞ்சினுக்குள் துரு பிடிக்காமல் இரண்டு துளி எண்ணெய் விட்டான். அப்போது கேட்டேன்.

"மகன், பதினோராம் ஆண்டுல எஞ்சின் பாடம் நடத்தக்குள்ள நீ ஒரு பதில் சொன்ன. நினைவிரிக்கா?"

துணியைப் பிடித்த கை நின்றது.

"நீங்க சிரிச்சது நினைவிரிக்கி மாமா. நான் என்ன சொன்ன எண்டு மறந்து போச்சி."

"நீ சொன்னது சரி. நான்தான் பிழை."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ரயருக்குள் சிக்கியிருந்த ஒரு கல்லை நகத்தால் கிளப்பி எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில் ஏறப் போகுது. வாங்க மாமா, சாயா குடிப்பம்" என்றான். கழற்றிய பிளக்கை எறியப் போனவனிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழன் இரவு நான் விமானம் ஏறினேன். வெள்ளி இரவு போன் எடுத்தான். எத்தனையாவது இடம் என்று கேட்டேன். பையன் ஒரு திருப்பத்தில் இரண்டு முறை புரட்டிவிட்டானாம். அதனால் ஐந்தாம் இடம்.

"ஆனா எஞ்சின் ஒருக்காலும் நிக்கல்ல மாமா" என்றான்.

2017 ஜனவரியில் பாடசாலை தொடங்கியது. எஞ்சின் பாடம் வந்தபோது சுவர்ப்படத்தை மாட்டுவதற்கு முன் அந்தப் பிளக்கை வகுப்பில் கைமாற்றி அனுப்பினேன். போட் கொட்டிலுக்கோ, கராஜுக்கோ போய் வருகிறவர்கள் யார் என்று கேட்டேன். யாரும் கை உயர்த்தவில்லை. அப்படிக் கேட்டால் அடுத்தது ஏச்சுத்தான் என்று அந்தப் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். பழக்கியவர்களில் நானும் ஒருவன். இன்னொரு முறை கேட்டேன். பின்வாங்கில் ஒரு கை, முழுதாக இல்லை, தோளளவுக்கு எழும்பியது.

"எண்ணெய் குறைஞ்சா எஞ்சினுக்கு என்ன நடக்கும் மகன்?"

அவன் எழும்பி நின்று, சொல்வதற்கு முன், என் முகத்தைப் பார்த்தான்.